கலைச்சொல்: பக்கம் போகுமுன் எடுத்து வைக்கிற வேலைக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

‘வெப் ஆர்க்கைவிங்’ என்பதை ‘இணைய ஆவணப்படுத்தல்’ என்று எழுதி வருகிறோம். சொல்லில் குறை இல்லை. ஆனால் அதற்குள் இரண்டு வேலைகள் நெருக்குப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்று, பக்கம் திறபடும்போதே அதை உள்ளபடி எடுத்து வைப்பது. மற்றது, எடுத்ததை வகைப்படுத்தி, விபரம் எழுதி, தேடக்கூடியதாகப் பேணுவது. இரண்டாவதற்கு ஆவணப்படுத்தல் என்ற பெயர் பொருந்தும். அதற்குப் பயிற்சி வேண்டும், ஆறுதலாகவும் செய்யலாம். முதலாவதை இன்றைக்கு விட்டால் நாளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. கையில் போன் உள்ள யாரும் அதைச் செய்யலாம்.

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு “ஆவணப்படுத்துங்கோ” என்று கேட்டால், “அதை நூலகம் ஆக்கள் செய்வினம்தானே” என்று சனம் போய்விடுகிறது. 2005 முதல் நூலகம் திட்டத்தினர் ஈழத்து அச்சு நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி வருவது பெரிய காரியம். அதற்காக, போன கிழமை பேஸ்புக்கில் ஏறியதையும் அவர்களே வந்து எடுக்கட்டும் என்று இருக்க முடியுமா? முதல் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பது என் வாதம்.

வன்னியில் ஒருமுறை இது நடந்துவிட்டது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் கிளிநொச்சியிலிருந்து இயங்கிய அமைப்புகளுக்கு இணையதளங்கள் இருந்தன. புலிகளின் சமாதானச் செயலகத்துக்கும் ஒன்று இருந்தது. தளத்துக்கு ஆண்டுக் காசு கட்ட யாரும் மிஞ்சாவிட்டால் தளமும் மிஞ்சாது. 2009க்குப் பிறகு அவை இல்லை. இன்று அவற்றில் எதையாவது பார்க்க முடிகிறது என்றால், சான் பிரான்சிஸ்கோவில் இருந்து உலகத்து இணையப் பக்கங்களைச் சேமிக்கும் இன்ரநெற் ஆர்க்கைவ் என்ற நிறுவனத்தின் இயந்திரம் ஏதோ ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்து எடுத்துப் போனதால்தான்.

எடுத்துப் போனதும் முழுசாக இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்கள் பல பாமினியிலும் அதுபோன்ற எழுத்துருக்களிலும் இருந்தன, யுனிக்கோட் அல்ல. பக்கம் எடுபட்டிருக்கும், எழுத்துரு எடுபட்டிராது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். பாமினி என்றால் மாற்றியில் போட்டுத் தமிழாக்கலாம். ஒரு தளம் தனக்கென்று செய்துகொண்ட எழுத்துரு என்றால், எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். தலைப்பைப் படமாகச் செய்து போட்டவர்களின் பக்கங்கள் இன்னும் மோசம். படம் எடுபடாத இடத்தில் வெறும் பெட்டிதான் நிற்கும்.

ஆகவே நாங்கள் தேடும் சொல்லுக்குள் ‘உள்ளபடி’ என்பதும் ‘இன்ன நேரத்தில்’ என்பதும் இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷொட் இதில் சேராது. அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, இணைப்பைத் தொட முடியாது, எங்கிருந்து எப்போது வந்தது என்று காட்டவும் முடியாது. வார்க் என்ற கோப்பு வடிவம் இதற்கென்றே இருக்கிறது. உலாவி என்ன கேட்டது, சேர்வர் என்ன கொடுத்தது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் சேர்ந்து பதிவாகும். அது ஐஎஸ்ஓவின் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது 2009இல், எங்கள் பக்கங்கள் போன அதே வருடம்.

இனி, குழுவில் இதுவரை வந்த சொற்கள். ‘கைப்பற்றல்’ என்று சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ‘கப்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரானதுதான், ஆனால் இங்கே ஓடாது. ஊர்ப் பெயர்களோடுதான் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தோம்: மாங்குளம் கைப்பற்றப்பட்டது, ஆனையிறவு கைப்பற்றப்பட்டது, கிளிநொச்சி கைப்பற்றப்பட்டது. இரண்டு பக்க வானொலியும் சொன்ன சொல். ‘மீட்பு’ அதைவிடப் பாரம். 2009இல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட சனம் அரசாங்கச் செய்திகளில் ‘மீட்கப்பட்டவர்கள்’. பொருளிலும் அது சரிவராது; நாங்கள் பேசுவது பறிபோகுமுன் எடுப்பதைப் பற்றி.

‘காப்புப்பிரதி’ வேறு வேலை. அதை உள்ளே இருக்கும் உரிமையாளர் எடுக்க வேண்டும். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவையை ரன்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்) தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. வெளியில் நிற்கும் வாசகர் அதற்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. எங்கள் சொல் வெளியில் நிற்பவருக்கானது. ‘வலை அறுவடை’ நல்ல சொல், ஆனால் இயந்திரம் விட்டு ஆயிரக்கணக்கில் வாருவதற்கு அது இருக்கட்டும். ஒரு ஆள் ஒரு பக்கத்தை எடுப்பதை அறுவடை என்றால் பகிடி.

என் முன்மொழிவு: காலப்படி. ஏட்டைப் பார்த்துப் பெயர்த்து எழுதியதைப் படி என்றார்கள், கையெழுத்துப்படி இன்றும் வழக்கில் உண்டு. ஒரே பக்கத்துக்கு 2004ஆம் ஆண்டுக் காலப்படி, 2007ஆம் ஆண்டுக் காலப்படி என்று பல இருக்கலாம். வினையாக வேண்டுமென்றால் ‘காலப்படி எடு’.

கருத்துச் சொல்லுங்கோ.
— புதுக்குடியிருப்பிலிருந்து

*

> என் முன்மொழிவு: காலப்படி.

பிள்ளை, வாதம் சரி, சொல் சரியில்லை. ‘காலப்படி’ என்றால் காலத்தின்படி என்றுதான் என் காது எடுக்கிறது. சட்டப்படி, முறைப்படி, காலப்படி.

இங்கேயே ஒரு சொல் கிடக்க ஏன் புதிதாகக் கட்டுவான்? காலபோக நெல்லை வெட்டினால் நாங்கள் உடனே அடிப்பதில்லை. தை மாசியில் மழையை ஆர் நம்புவது? வெட்டின கதிரைக் கட்டிக் கொண்டுவந்து களத்தில் குவித்து அடுக்குவோம், அதுதான் சூடு வைத்தல். கதிர் உள்ளுக்கு இருக்கும், ஒரு மழை பெய்தாலும் நெல் நனையாது. பிறகு நாள் பார்த்துச் சூடடித்து, தூற்றி, நெல் சேமிக்கும் கொம்பறையில் போடுவோம். நீ சொல்லுகிற இரண்டு வேலையும் இதுதான். அவசரத்துக்குச் சூடு வைத்தல், ஆறுதலாகச் சூடடித்தல். முதலாவதற்கு ‘வலைச்சூடு’ என்று பெயர் வை. வன்னியில் ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போனால் ‘படி’ என்று ஒருவரும் கேட்பதில்லை, ‘பிரதி’ என்றுதான் கேட்பார்கள். மூலப்பிரதி, உண்மைப்பிரதி, நிழற்பிரதி. இடம்பெயர்ந்த வழியில் பிறப்புப் பத்திரத்தையும் காணி உறுதியையும் துலைத்த சனத்துக்கு அந்தச் சொல்லின் பெறுமதி தெரியும்.

— முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியன்

*

> முதலாவதற்கு ‘வலைச்சூடு’ என்று பெயர் வை.

சேர், குறை நினைக்காதேங்கோ. இப்ப மிசின் வந்து வெட்டி, வயல்லயே நெல்லாக் கொட்டிப்போட்டுப் போகுது. என்ர வயதுக்காரர் கனபேர் சூடு கண்டதில்லை. எங்களுக்குச் சூடு எண்டா வெடிதான். ‘அந்த ஆளின்ர பக்கத்துக்குச் சூடு வைச்சிட்டன்’ எண்டு எழுதினா ஆரும் பொலிசில முறைப்பாடு குடுப்பினம்.

அக்கா, போன் உள்ள ஆரும் செய்யலாம் எண்டு எழுதியிருக்கிறியள். திறந்த தளத்துக்கு அது சரி. இன்ரநெற் ஆர்க்கைவின்ர வேபேக் மெசினில முகவரியைக் குடுத்தாப் போதும், அது போய் எடுத்துக்கொள்ளும். ஆனா எங்கட ஊர் விசயம் எல்லாம் இப்ப பேஸ்புக்கில. உள்நுழைஞ்சாத்தான் தெரியிற பக்கத்துக்கு வேபேக் போகேலாது. அதுக்கு வெப்ரெக்கோடர் எண்ட மென்பொருள் திட்டத்து ஆக்கள் செய்த உலாவி நீட்சி இருக்கு. நாங்கள் பாக்கப் பாக்க எங்கட கொம்பியூட்டரிலயே பதிஞ்சுகொண்டு வரும். கவனிக்க வேண்டியது ஒண்டு: நீங்கள் திறந்து பாத்தது மட்டும்தான் பதியும். உருட்டாத பின்னூட்டமும் தட்டாத படமும் வராது. அதால இந்த வேலையில ஆளின்ர கையும் கண்ணும் இருக்கு, சொல்லிலயும் அது தெரிஞ்சா நல்லம்.

பெரிய பிரச்சினை லைவ். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர சொந்தக்காரர் போராட்டம் தொடங்கினவை. அதே காலத்திலதான் கேப்பாப்பிலவுக் காணிப் போராட்டமும். பேப்பர்க்காரர் வராத நாளிலயும் ஆரோ ஒரு ஆள் போனைப் பிடிச்சு லைவ் போட்டுக்கொண்டு நிண்டவை. 2025 பெப்ரவரி 19 தொடக்கம் லைவ் வீடியோ 30 நாளுக்குத்தான் நிக்கும் எண்டு பேஸ்புக்கின்ர மெற்றா நிறுவனம் அறிவிச்சது. பழசுகளையும் அழிக்கப் போறம், அறிவித்தல் வந்த பிறகு தரவிறக்க 90 நாள் தாறம் எண்டும் சொன்னது. அந்த அறிவித்தல் போறது கணக்கு வைச்சிருக்கிற ஆளுக்கு. எட்டு வருசத்துக்கு முந்தின போனும் இல்லை, பாஸ்வேட்டும் இல்லை எண்டா அதை ஆர் பாக்கிறது?

வேபேக்கையே நம்பியும் இருக்கேலாது. 2024 ஒக்ரோபரில இன்ரநெற் ஆர்க்கைவைத் தாக்கி, அது நாள்க்கணக்கில மூடிக் கிடந்தது. எடுக்கிறதை எங்கட கையிலயும் ஒண்டு வைச்சிருக்க வேணும்.

படியோ பிரதியோ, எனக்கு ரெண்டும் சரி. பொத்தானில எழுதக்கூடிய மாதிரிச் சின்னச் சொல்லாத் தாங்கோ.

— அறிவியல்நகரிலிருந்து, மாணவன்

*

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

> சட்டப்படி, முறைப்படி, காலப்படி.

இதற்குப் பிறகு அந்தச் சொல்லை வேறு மாதிரி வாசிக்க எனக்கே முடியவில்லை. ‘படி’யை எடுத்துவிட்டு ‘பிரதி’யை வைத்தால் இந்தக் குழப்பம் போய்விடும். காலப்பிரதி. எடுத்த காலம் சொல்லிலேயே இருக்கிறது, உள்ளபடி என்பதைப் பிரதி சொல்கிறது. பொத்தானில் ‘பிரதியெடு’ என்று வந்தாலே போதும், காலத்தை மென்பொருள் தானாகப் பதிந்துகொள்ளும். பிரதி வடசொல் என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். கச்சேரி வரிசையில் நின்றவருக்கு விளங்குகிற சொல் எனக்குப் போதும்.

ஐயா, சூட்டை நான் கைவிடவில்லை. ஒரு ஆள் ஒரு பக்கத்தை எடுத்தால் காலப்பிரதி. ஒரு தளம் மூடப்படப் போகிறது என்று தெரிந்து, பலபேர் சேர்ந்து, வகை பிரிக்க நேரமில்லாமல் அள்ளிக் குவித்து வைக்கிறார்களே, அந்தக் குவியலுக்கு இன்னும் தமிழ்ப்பெயர் இல்லை. ஆக்கள் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிற்றிஸ் தளத்தை யாகூ 2009 ஒக்ரோபரில் மூடியபோது ஆர்க்கைவ் ரீம் என்ற தன்னார்வக் குழு செய்தது அதைத்தான். ‘வலைச்சூடு’ அதற்கு அளவாகப் பொருந்தும். வெடிச்சத்தம் கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதிவிடலாம். வெட்டும் மிசின் வந்ததால் சொல்லையும் விட வேண்டும் என்றில்லை.

தம்பி சொன்ன லைவ் விசயத்தில் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. அந்த வீடியோக்களில் தாய்மாரின் முகம் தெரியும், பின்னுக்கு நிற்கிறவர்களின் முகமும் தெரியும். இணையத்தில் போட்டதற்கு வழக்கு வைக்கக்கூடிய 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், ஒருவர் பயந்து தானாக அழித்த இடுகையை எங்களிடம் பிரதி இருக்கிறது என்பதற்காக ஊருக்குக் காட்ட முடியாது. எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. எடுத்து வைத்து, உரியவர் சம்மதிக்கும்வரை திறக்காமல் இருப்பதற்கு ‘மூடிய காலப்பிரதி’ என்று எழுதலாமா? ‘இரகசியப் பிரதி’ வேண்டாம். அந்தச் சொல்லே ஆளை விசாரணைக்குக் கூப்பிடும்.

பழைய இணைப்புகள் திறபடாமல் போவதை ஆங்கிலத்தில் ‘லிங் ரொட்’ என்பார்கள், அதற்குச் சொல் என்ன என்றும் முன்பு ஒருவர் கேட்டிருந்தார். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டில் திறபடவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. ‘இணைப்பு உக்கல்’ என்று போட்டிருக்கிறேன். அதற்குத் தனி மடல் தொடங்குங்கோ, இங்கே கலக்க வேண்டாம்.

இந்தக் குழுவின் மடல்களுக்கும் யாராவது காலப்பிரதி எடுக்க வேண்டும். யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் 2020 தொடக்கத்துக்குள் அழிக்கப்பட்டபோது, தமிழ் மடலாடற் குழுக்கள் பலவற்றின் சொல் விவாதங்களும் அதோடு போயின. தம்பி, உம்மட கொம்பியூட்டரில் இடம் இருந்தால் அதை நீர் பொறுப்பெடும்.

வைகாசியில் வட்டாப்பளை அம்மன் பொங்கல் வருகிறது. கடல் தண்ணியில் விளக்கெரிப்பதைக் காட்ட எத்தனை பேர் லைவ் போடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். போடுகிறவர்களைத் தெரிந்தவர்கள் இப்போதே கதைத்து வையுங்கோ. 30 நாளுக்குள் தரவிறக்கச் சொல்லுங்கோ, அப்படிச் சொல்லும்போது ‘காலப்பிரதி’ என்ற சொல்லைப் பாவித்து, அவர்களுக்கு விளங்கியதா என்று வந்து எழுதுங்கோ.

— புதுக்குடியிருப்பிலிருந்து