புங்க மரத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டை எப்படி எடுப்பது?

வணக்கம். சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு புங்க மரம் இருக்கிறது. 2016 வர்தா புயலில் பக்கத்து குல்மொஹர் சாய்ந்தபோதும் இது அசையவில்லை. போன மாதம் நடைபாதை போட்டவர்கள் அடிமரத்தை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினால் நேராகச் சாக்கடைக்கு ஓடுகிறது. போதாததற்கு நாலு ஆணியடித்து ஒரு டியூஷன் விளம்பரத் தகடு (தாவரவியலும் சொல்லித் தருகிறார்களாம்!). மூன்று ஆணியைப் பிடுங்கிவிட்டேன். நாலாவது பட்டைக்குள் புதைந்துவிட்டது. நோண்டி எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

அப்புறம், சுற்றிலும் மூன்றடிக்காவது சிமெண்டை உடைக்க வேண்டும். கடப்பாரை போட்டால் வேரில் அடிபடுமோ என்று பயம். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் சொல்லி இந்த வேலையைச் செய்யவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புகாரில் என்னவென்று சொன்னீர்கள்? ஐப்பசி மழைக்கு முன்னால் மண்ணைத் திறந்துவிட்டால் நல்லது.