மலை ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சர்வதேச மலைச் சங்கத்தின் ‘மவுண்டன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்’ இதழுக்கு எழுதிப் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நான் இரண்டு வருடமாக ஒரு மலைச்சரிவின் ஊற்றுகளை அளந்து வருகிறேன். பெரிய கருவியெல்லாம் கிடையாது, பத்து லிட்டர் வாளியும் ஸ்டாப்வாட்ச்சும்தான், கோடையில் வாளி நிறைவதற்குள் கால் மரத்துப் போய்விடும். கூடவே ஊர்க்காரர்கள் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துக்கொள்வதையும் எழுதி வைத்திருக்கிறேன், உண்மையில் அதுதான் சுவாரசியமான பகுதி.

சிக்கல் இதுதான். இதழில் ஆய்வுக்கு ஒரு பிரிவு, களத்தில் செய்து பார்த்த மேம்பாட்டு அனுபவங்களுக்கு வேறொன்று, இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொன்று. என்னுடையது முதல் இரண்டிலும் ஒவ்வொரு காலை வைத்து நிற்கிறது. இரண்டாகப் பிரித்து அனுப்பலாமா?

1980இல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் ஐவ்ஸ், இமயத்தில் மரம் வெட்டுவதால்தான் சமவெளியில் வெள்ளம் என்ற பேச்சையே கேள்வி கேட்டவர், அதனால் வாளிக் கணக்கை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிடப் பயமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று: 2009 முதல் இதழை யாரும் இலவசமாகப் படிக்கலாம், சரி, ஆனால் எழுதுகிறவர் கட்டணம் கட்ட வேண்டுமா? நிதி இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.