ஃபிராங்கன்வாட்சுக்கு தமிழ்ல என்ன சொல்றது?

ஐயா, வேற வேற பழைய வாட்ச்லேர்ந்து பாகத்தை எடுத்து சேத்து, ஒரே அசல் வாட்ச்சுன்னு விக்கிறதுதான் ஃபிராங்கன்வாட்ச். இதுக்கு "போலிக் கைக்கடிகாரம்"னு போட்டுட்டு போயிடலாமேன்னு கேட்டிருக்கீங்க, ஆனா அப்படி போட்டா விஷயமே போயிடும். போலின்னா நம்ம ஊர்ல டூப்ளிகேட், பேரு மட்டும் ரோலெக்ஸ், உள்ள எதுவுமே ரோலெக்ஸ் இல்ல. அதை எந்த ஏலக்காரனும் கையில வாங்கி திருப்பிப் பாத்த உடனே தூக்கிப் போட்டுடுவான். இது அது இல்ல. பாகம் எல்லாம் அசல், இல்லன்னா முக்காவாசி அசல், ஆனா அந்த வாட்ச்சுன்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் ஃபேக்டரிய விட்டு வெளிய வந்ததே கிடையாது.

உதாரணத்துக்கு ஒமேகா வாட்ச் கம்பெனி விவகாரத்தையே எடுத்துக்குவோம். 2021 நவம்பர்ல ஜெனீவால ஃபிலிப்ஸ் ஏலத்துல ஒமேகாவோட ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் ஒண்ணு வருது, மாடல் நம்பர் 2915-1, அதாவது 1957ல வந்த முதல் வரிசை. கருப்பு டயல் காலப்போக்குல பழுப்பா மாறியிருக்கு, பழைய வாட்ச் சேக்குற பைத்தியம் பிடிச்சவங்க அதை டிராப்பிக்கல்னு சொல்லி உருகுவாங்க (நமக்கு அது வெயில்ல காஞ்ச டயல், அவ்வளவுதான்). 80,000லேர்ந்து 1,20,000 ஃபிராங்க் போகும்னு மதிப்பு போட்டிருந்தாங்க, போனது 31,15,500 சுவிஸ் ஃபிராங்க். வாங்கினது யாருன்னு பாத்தா ஒமேகாவே, தன்னோட மியூசியத்துக்காக! அப்புறம் 2023ல சுவிஸ் பத்திரிகையில வெடிச்சுது, வேற வேற வாட்ச்லேர்ந்து எடுத்த பாகத்தை சேத்து பண்ணினதுன்னு. அதுல தன்னோட முன்னாள் ஊழியர்கள் மூணு பேருக்கு பங்கு இருக்குன்னு ஒமேகாவே சொல்லி புகார் கொடுத்துச்சு. தன் பாகத்தையே தனக்கு 30 லட்சம் ஃபிராங்க்குக்கு மேல வித்திருக்காங்க, இதை போலின்னு சொல்ல நாக்கு வருதா சொல்லுங்க.

இங்கிலீஷ்ல ஃபிராங்கன்ஸ்டீன்லேர்ந்து எடுத்தாங்க, மேரி ஷெல்லியோட 1818 நாவல்ல வர்ற விக்டர் ஃபிராங்கன்ஸ்டீன்ங்கிற மாணவன், பிணங்களோட துண்டுகளை சேத்து ஒரு உருவத்துக்கு உயிர் கொடுப்பான். பேரு அவனோடது, உருவத்துக்கு பேரே கிடையாது, அதனால அந்த சொல்லே ஒரு கோளாறுதான். அதை அப்படியே தமிழுக்கு இழுத்துட்டு வந்து "பூதக் கடிகாரம்"னு போட வேண்டாம், பேய்ப்பட டைட்டில் மாதிரி இருக்கு.

வந்த மத்த யோசனைல "ஒட்டுக் கடிகாரம்" எனக்கு முதல்ல பிடிச்சுது. ஆனா ஒட்டு மாங்கன்னுல ஏமாத்து இல்லையே, சொல்லியே விக்கிறான். "கதம்பம்" அதைவிட மோசம், வாசனையா இருக்கு. "கலப்படம்" கிட்ட வருது, ஆனா கலப்படம்னா மட்டமானதை சேக்குறது, இங்க சேத்ததும் நல்ல சரக்குதான்.

என் ஓட்டு: இட்டுக்கட்டு. இட்டுக்கட்டிய கடிகாரம், கலைச்சொல்லா சுருக்கினா இட்டுக்கட்டுக் கடிகாரம். இடுறது, கட்டுறது, பாகத்தை சேக்குற வேலையும் அதுல இருக்கு, பொய் சொல்றதும் அதுல இருக்கு. ஏன்னா இந்த வியாபாரத்துல பாகத்தை மட்டும் சேத்தா பத்தாது, கூடவே ஒரு கதையும் சேக்கணும், எந்த வருஷம் எந்த ஊருக்கு டெலிவரி போச்சுன்னு கம்பெனி தன் பழைய பதிவேட்டைப் பாத்துக் கொடுக்குற ஆர்க்கைவ் தாள் வரைக்கும் ஒத்துப்போகணும். வாட்ச்சும் இட்டுக்கட்டினது, கதையும் இட்டுக்கட்டினது.

கும்மியில, ஒப்பாரியில இட்டுக்கட்டிப் பாடுறாங்களே அது தப்பான அர்த்தம் இல்லையேன்னு யாராவது கேப்பீங்க. சரிதான், ஆனா பேச்சுல "இட்டுக்கட்டி சொல்றான்"னா எல்லாருக்கும் புரியுது. சுருக்கமா "கட்டுக்கடிகாரம்"னு வைக்கலாமான்னும் பாத்தேன், கட்டுக்கதை மாதிரி. ஆனா நாம வாட்ச்சை கட்டுறதுன்னுதான் சொல்றோம், அப்போ கையில கட்டுற எல்லாமே கட்டுக்கடிகாரம்தான், குழப்பம்.

இன்னொண்ணு, ஒரே ஒரு பாகம் மாத்தினதையும் இதே பேர்ல அடிக்கக் கூடாது. அசல் ரோலெக்ஸ் டேடோனா ஒண்ணு இருக்கும், டயல மட்டும் கழட்டிட்டு பால் நியூமன் டயல்னு சொல்ற அந்த அபூர்வ டயல மாட்டுவான். நடிகர் பால் நியூமன் கையில கட்டின டேடோனாவே 2017ல நியூயார்க்ல 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு போச்சுன்னா அந்த டயலுக்கு ஏன் அலையுறாங்கன்னு புரியும். இதுக்கு நம்மகிட்ட தயாரா சொல் இருக்கு, இடைச்செருகல். ஏட்டுச்சுவடில பின்னாடி வந்தவன் நாலு பாட்டை நுழைச்சா என்ன சொல்றோமோ அதே. சர்வீஸ்ல தேஞ்சுபோன முள்ளை மாத்தி, மாத்தினேன்னு சொன்னா அது வெறும் மாற்றுப்பாகம், அதுல குத்தமே இல்ல.

மிச்சம் இருக்கிறது ரீடயல், அதாவது அதே டயலுக்கு புதுசா பெயிண்ட் அடிச்சு எழுத்து போடுறது. "முகப்பூச்சு"ன்னு எழுதிப் பாத்தேன், ஃபேஸ் பவுடர் மாதிரி இருக்கு. வேற ஏதாவது தோணினா சொல்லுங்க.