ஆவணப்படமா, குற்றப்புனைவா: உண்மைக்கு அருகில் நிற்பது எது?

இரவுக்காட்சி:
குற்றம் பற்றிய படங்களில் என் முதலிடம், எரல் மோரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' ஆவணப்படத்துக்கே. 1976இல் டல்லாஸ் நகரில் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தவறாக மரண தண்டனை பெற்று, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ், இப்படம் வெளிவந்த மறு ஆண்டே விடுதலையானார். புனைவிடம் நான் இதை எதிர்பார்க்க முடியாது.

பின்வரிசை:
அந்தப் படத்தில் கொலைக்காட்சியே நடிகர்களைக் கொண்டு திரும்பத் திரும்ப நடித்துக் காட்டப்படுகிறது. புனைவின் கருவிகளைக் கடன் வாங்கிய பிறகு, ஆவணம் என்ற பெயருக்கு மட்டும் தனி மரியாதை எதற்கு? கொரியாவின் ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர்கொலைகளைத் தழுவி, போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எனக்கு அதைவிட உயர்ந்தது.

இரவுக்காட்சி:
அந்த நடிப்பு 'இப்படித்தான் நடந்தது' என்று எங்கும் சொல்வதில்லை. கொல்லப்பட்டவருடன் வந்த பெண் காவலர் வண்டிக்குள் இருந்தாரா, வெளியே நின்றாரா என்பது போன்ற விவரங்கள் ஒவ்வொரு சாட்சியத்துக்கும் ஏற்ப மாறுவதைப் பார்க்கும்போதுதான், இவை அனைத்தும் உண்மையாக இருக்க இயலாது என்பது நமக்கு உறைக்கிறது. ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸ், கொலையைத் தானே செய்ததாக ஏறத்தாழ ஒப்புக்கொள்ளும் இறுதி உரையாடலின்போது திரையில் இருப்பது ஒரு ஒலிப்பதிவுக் கருவி மட்டுமே. அங்கே நடிப்பு துளியும் இல்லை. கொரியப் படமோ, உறவுகளை இழந்த குடும்பங்கள் உயிரோடிருக்கும்போதே அந்த மரணங்களை மர்மச் சுவைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

பின்வரிசை:
குடும்பங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தின் உயிர் கொலைகாரனிடம் இல்லை, விசாரணை அறையில் இருக்கிறது. சந்தேகத்துக்கு உள்ளானவரை உதைத்து, காலணித் தடத்தைப் போலியாகப் பதித்து, வாக்குமூலத்தைப் பாடம்போல ஒப்பிக்க வைக்கும் காவலர்களை அது நமக்குக் காட்டியது. 2019இல் லீ சுன்-ஜே என்பவர் அந்த ஹ்வாசாங் கொலைகள் எல்லாவற்றையும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். அவற்றுள் 1988இல் நடந்த எட்டாவது கொலைக்காக வேறொருவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்திருந்தார். வாக்குமூலம் வன்முறையால் பெறப்பட்டது என்று கூறி நீதிமன்றம் 2020இல் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. எந்த ஆவணப்படக் குழுவை அந்த அறைக்குள் விட்டிருப்பார்கள்?

இரவுக்காட்சி:
விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மோரிஸும் எந்த விசாரணை அறைக்குள்ளும் நுழையவில்லையே; சாட்சி சொன்னவர்களைத் தேடிப்போய்ப் பொறுமையாகப் பேசவிட்டார். நீங்கள் சொன்ன மனிதர் 2009இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2003இல் அந்தப் படம் கொரியத் திரையரங்குகளில் பெரும் வெற்றியோடு ஓடியபோதும் அவர் உள்ளேதான் இருந்தார்.