கரை இறங்கும் பயணிக்கு மதுச் சட்டத்தைச் சொல்ல வேண்டியவர் யார்?

கரையோரன் (ஜோர்ஜ்டவுன்):
மலேசியாவின் லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால், உல்லாசக் கப்பல் அங்கே சில மணி நேரமே நின்றாலும், இறங்குவோர் ஒன்றிரண்டு மதுப்புட்டிகளோடு திரும்ப ஏறுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த மலிவு நிலைக்குமா என்பது, புட்டி அடுத்து எந்தக் கரையில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. பினாங்கில் இறங்குபவர் லங்காவியில் 48 மணி நேரமாவது தங்கியிருந்தால்தான் வரிச்சலுகை பெறுவார். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் சென்று இறங்குபவருக்கோ மதுவில் சலுகையே கிடையாது. கரைச் சுற்றுலாவை விற்க ஆர்வம் காட்டும் கப்பல் நிறுவனங்கள் இதையும் பயணச்சீட்டோடு எழுதித் தர வேண்டும் என்பது என் கட்சி.

கிள்ளான்வாசி:
ஐயா, உங்கள் கட்சியை ஏற்க இயலவில்லை. பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பவர், போகும் நாட்டின் சுங்க விதியை மட்டும் பிறர் ஊட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா? இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை; அன்று மது விற்பனை இல்லை. கொழும்பில் கப்பல் நிற்கும் நாள் பௌர்ணமியா என்பதை நம் வீட்டு நாட்காட்டியே சொல்லிவிடும்.

செந்தூல் வாசகி (கோலாலம்பூர்):
நாட்காட்டியில் இல்லாத சட்டங்களும் இருக்கின்றனவே, அண்ணா. போர்ட் கிள்ளானில் இறங்கிப் பேருந்தில் கோலாலம்பூர் வரும் பயணி ஒரே நாளில் இரண்டு ஆட்சி எல்லைகளுக்குள் நிற்கிறார். துறைமுகம் சிலாங்கூரைச் சேர்ந்தது. நகரமோ மத்திய அரசின் கீழுள்ள கூட்டரசுப் பிரதேசம். 2021 அக்டோபர் 1 முதல் கோலாலம்பூரில் மளிகைக்கடை, பலசரக்குச் சிறுகடை, சீன மருந்துக்கடை ஆகியவற்றில் கடும் மது விற்க மாநகர் மன்றம் தடை அறிவித்தது. பீர் விற்பனையையும் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை என்று வரையறுத்தது. துறைமுகத்தருகே கண்டதை வைத்து நகரத்தையும் அவ்வாறே எண்ணிவிடுவது வெளியூராருக்கு இயல்பு. வயதும் அப்படித்தான்: சிங்கப்பூரில் 18 வயதில் வாங்கலாம், இங்கே 2017 டிசம்பர் முதல் 21. பத்தொன்பது வயது மகனோடு வரும் குடும்பம் கடையில் அடையாள அட்டையைக் காட்டும்போதுதான் இதை அறிகிறது.

அதற்காக வெளியூர்ப் பயணிகளுக்கு விலக்கு கேட்போர் பக்கம் நான் இல்லை. சம்சு என்னும் மலிவான கடும் சாராயம் நம் தோட்டப்புறக் குடும்பங்களை என்ன செய்தது என்று அறிந்த எவரும், மூலைக்கடையில் கடும் மது கிடைக்காமல் போவதற்கு வருந்த மாட்டார்கள். சட்டம் ஊராருக்காக இருக்கட்டும். வருபவருக்கு அது தெரிந்திருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கரையோரன்:
சகோதரி சொன்னது என் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. கிள்ளான்வாசி அவர்களுக்கு ஒரு கேள்வி. சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் என்று சென்று திரும்பும் கப்பலில், கடைசித் துறை தாய்லாந்தின் புக்கெட்டாக இருந்தால், 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்த பயணிக்கு மொத்தம் இரண்டு லிட்டர் வரை சலுகை உண்டு. அதே கப்பல் வானிலை காரணமாக வரிசையை மாற்றிப் பினாங்கைக் கடைசியாக வைத்துக்கொண்டால், அந்தச் சலுகை கைவிட்டுப் போகிறது. விதியைக் கரைத்துக் குடித்தவரும் இதை எப்படி முன்கூட்டி அறிவார்? கரையில் வாங்கிய புட்டிகளைப் பல கப்பல்களில் ஊழியர்களே வாங்கி வைத்து, பயணத்தின் இறுதியில்தான் திருப்பித் தருகிறார்கள். ஆகவே நடுவழியில் திறந்து குடித்துத் தீர்க்கவும் முடியாது.

கிள்ளான்வாசி:
வரிசையை மாற்றும் நிறுவனம் அதன் விளைவையும் அன்றைய அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் நட்டம் என்று நீங்கள் சொல்வது சலுகை கிடைக்காத வரிதான். சுங்கத்தில் தாமாக முன்வந்து அறிவித்து வரி கட்டினால் புட்டி கையை விட்டுப் போகாது. மறைத்துக்கொண்டு, அறிவிக்க எதுவும் இல்லாதோருக்கான பச்சை வழியில் நடப்பவருக்குத்தான் அபராதம். அவருக்காக நான் வாதாட மாட்டேன்.

செந்தூல் வாசகி:
அறிவிப்பைத் தமிழிலும் மலாயிலும் தரச் சொல்லுங்கள், அண்ணா. நம் பெரியவர்கள் பலர் பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த சீட்டில் தனியாகத்தான் கப்பல் ஏறுகிறார்கள்.