பட்டா நிலத்து மரத்தை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

நிழல்தேடி:
நேற்று வேறோர் இழையில் பட்டாக்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பட்டாவில் என் பெயர் இருக்கிறது, மரத்தை வெட்ட எவனையும் கேட்க வேண்டியதில்லை, அனுமதி கினுமதி எல்லாம் ஏமாற்று வேலை" என்கிறார். அதற்கு விருப்பக்குறி வேறு குவிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதிர்மனையில் ஒரு வேம்பு நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். மனை கைமாறிய மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ரம்பச் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு அடிக்கட்டை மட்டும் சிவப்பாக, ஈரம் கசிய நின்றது. போய்க் கேட்டேன். இதே பதில்தான் வந்தது: பட்டா நிலம். மகாராஷ்டிர நகரங்களில் 1975-லிருந்து, கர்நாடகத்தில் 1976-லிருந்து, டெல்லியில் 1994-லிருந்து சொந்த இடத்து மரத்துக்கும் அனுமதி கேட்கச் சொல்லும் சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குப் பட்டா இல்லையா? எல்லா ஊரிலும் நிலம் யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கிறது.

பட்டாக்காரன்:
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. முழுசாகப் படித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. நான் எழுதியது வெட்டுவதைப் பற்றி. ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றி இல்லை. வெட்டுவது வேறு, ஏற்றுவது வேறு. தமிழ்நாட்டில் 1968-ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் என்று ஒன்று இருக்கிறது. லாரியில் ஏற்றினால் டிரான்சிட் பாஸ், அதாவது மரத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு கேட்பான், சரி. வெட்டுவதற்கு ஏன் கேட்க வேண்டும்? என் அப்பா 1996-ல் குச்சி குச்சியாக நட்ட தேக்கு. வாய்க்கால் வறண்ட வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவன் நான். அன்றைக்கு எந்த அதிகாரியும் ஒரு சொம்பு தண்ணீரோடு வரவில்லை.

மலைக்காடு:
அண்ணே, மலைக்கு வந்து இதைச் சொல்லிப் பாருங்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நீலகிரி, கொடைக்கானல் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் பெயரில் நூறு பட்டா இருந்தாலும் கலெக்டர் தலைமையிலான குழு சொல்லாமல் கை வைக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ஒரு காய்ந்த மரம், தொழிலாளர் வீட்டுக் கூரை மேல் சாய்ந்து நின்றது. மனு கொடுத்தோம். வந்து நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்தார்கள், பட்டையைச் சீவி எண் எழுதினார்கள், போனார்கள். உத்தரவு வருவதற்கு முன்னால் ஆடிக் காற்று வந்தது. எண் எழுதிய பக்கம் மேலே தெரிகிற மாதிரி ஓட்டைப் பிளந்துகொண்டு அடுப்படியில் கிடந்தது மரம். அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்ததால் பிழைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் நான் சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் இல்லாவிட்டால் எங்கள் சரிவு முழுக்க இந்நேரம் விடுதிக் கட்டடங்கள்தான்.

பட்டாக்காரன்:
மலைக்கதை இங்கே எதற்கு? நான் சமவெளி. மலை வேறு, சமவெளி வேறு. வெட்டுவது வேறு, ஏற்றுவது வேறு.

பனையோலை:
நான் வழக்கறிஞர், இந்த மாதிரி கோப்புகள் என் மேசைக்கு வருகிறவை. "மரம் வெட்ட அனுமதி வேண்டுமா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தக் கிராமம், என்ன மரம், எத்தனை மரம், எவ்வளவு நிலம் தொடர்ச்சியாக மரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தனியார் காடுகளுக்கு 1949-லிருந்து சட்டம் இருக்கிறது. 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் அது காடு என்றால் காடுதான் என்றது. ஈட்டி மரத்துக்கு 1994-ல் தனிச் சட்டம் போட்டார்கள். சந்தனத்துக்கு 2008-ல் தனி விதிகள் வந்தன: மரம் உங்களுடையதாக இருந்தாலும் நீங்களாக வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான் விற்பனை, அதில் 80 சதவீதம் உங்களுக்கு. பனைக்கு 2021 வேளாண் பட்ஜெட்டில் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், டெல்லி போல எல்லா மரத்துக்கும் பொதுவான சட்டம் நம் சமவெளிக்கு இல்லை என்பது உண்மை. பொதுச் சட்டம் இல்லை என்பதால் அனுமதியே வேண்டாம் என்று ஆகிவிடாது.

பட்டாக்காரன்:
எல்லாரும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். "பொதுவான சட்டம் சமவெளிக்கு இல்லை என்பது உண்மை." வக்கீலம்மாவே சொல்லிவிட்டார். வெட்டுவது வேறு, ஏற்றுவது வேறு. இழையை இத்தோடு மூடலாம்.

பனையோலை:
அடுத்த வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பட்டாக்காரன்:
நீங்கள் எழுதிய நீளத்தில் என் கேள்விக்கு ஒரு வரி பதில் இல்லையே, அதனால்தான். தேக்கு. சமவெளி. என் பட்டா. வெட்ட அனுமதி வேண்டுமா, வேண்டாமா? சந்தனம், ஈட்டி, காடு, அகராதி எதையும் நான் கேட்கவில்லை.

கண்மாய்க்கரை:
எனக்கும் ஒரு சந்தேகம். மூன்று ஏக்கர் முழுக்க சீமைக் கருவேலம். அதை எடுக்கவும் மனு போட வேண்டுமா? 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எடு எடு என்றது, அதே வருஷம் தடையும் வந்தது. நாங்கள் எதைக் கேட்பது? மேலோடு வெட்டினால் மறு மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தூரோடு பிடுங்க ஜே.சி.பி.தான் வழி.

நிழல்தேடி:
ஜே.சி.பி. வந்தால் கருவேலத்தை மட்டுமா பார்த்துப் பிடுங்குகிறது? எங்கள் சித்தப்பா நிலத்தில் இப்படித்தான் "முள் எடுக்கிறேன்" என்று ஆரம்பித்தார்கள். வரப்போரம் இருந்த நாலு பூவரசு, ஒரு வாகை, தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிய ஈச்சை, எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. நிலத்தைச் சுத்தம் பண்ணுவது என்றால் அழுக்கை எடுப்பது. அவை எல்லாம் அழுக்கா?

பட்டாக்காரன்:
உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள், எங்களை ஏன் கேட்கிறீர்கள்? கண்மாய்க்கரை தம்பி, முள்ளை எடுத்து மூட்டம் போட்டால் கரி, கரியை ஏற்றும்போதுதான் கேள்வி. வெட்டுவது வேறு, ஏற்றுவது வேறு. இதுவும் அதே கணக்குதான்.

கீழைக்காற்று:
மூங்கில் மரமே இல்லை என்று 2017-ல் மத்திய அரசு வனச் சட்டத்தைத் திருத்தியது. என்ன மரம் என்றே முடிவாகாத இடத்தில் என்ன அனுமதி?

பனையோலை:
அது 1927 இந்திய வனச் சட்டத்துக்குச் செய்த திருத்தம். அதுவும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மட்டும். தமிழ்நாட்டில் நமக்கு 1882 வனச் சட்டம் தனியாக இருக்கிறது. அதை இதில் ஒட்டாதீர்கள்.

கீழைக்காற்று:
மூங்கில் புல் வகை என்பதை எந்தச் சட்டமும் மாற்ற முடியாது. தொல்காப்பிய மரபியலைப் படியுங்கள். வெளியே வைரம், அதாவது கெட்டிப் பகுதி இருப்பது புல், உள்ளே வைரம் இருப்பது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூட புல்தான்.

மலைக்காடு:
மாநில மரத்தையே புல் ஆக்கிவிட்டீர்கள். அருமை. நாளைக்கு யாராவது இதைச் சொல்லியே பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்புவான். அந்தப் பாவம் உங்களுக்குத்தான்.

கீழைக்காற்று:
தமிழில் இருப்பதைச் சொன்னால் பாவமா? போர்வெல் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள்.

மலைக்காடு:
போர்வெல் விவாதத்தில் நீரோட்டம் பார்க்கத் தேங்காய் போதும் என்றது நீங்கள். நான் மறக்கவில்லை.

பட்டாக்காரன்:
தேங்காயையும் தொல்காப்பியத்தையும் வேறு இழைக்குக் கொண்டுபோங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. வெட்டுவதற்கா, ஏற்றுவதற்கா?

கீழத்தெரு:
எங்களுக்கு இரண்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மரம் எங்கள் சுவர் மேல் சாய்ந்து நிற்கிறது. வேர் எழும்பி, மழை பெய்தால் அடிமண் விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அவர் வெட்டமாட்டேன் என்கிறார். 2016 வர்தா புயல் இரவு முழுக்க நாங்கள் ஆறு பேரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது விழவில்லை, அதனால் இனியும் விழாதாம். எனக்கு யார் அனுமதி தருவார்கள்?

பனையோலை:
ஐயா, விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலையில் இருக்கும் மரத்தை அகற்றச் சொல்ல நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவு, புதியதில் 152. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வேர், சுவர் விரிசல், சாய்வு மூன்றும் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நீங்களே ஆள் விட்டு வெட்டிவிடாதீர்கள்.

பட்டாக்காரன்:
பார்த்தீர்களா, அடுத்தவன் மரத்தை வெட்ட வைக்கச் சட்டம் இருக்கிறது. என் மரத்தை நான் வெட்டினால் மட்டும் குற்றம்.

நிழல்தேடி:
குற்றம் என்று யார் சொன்னார்கள்? வெட்டுவதற்கு முன் ஒருவரிடம் கேளுங்கள் என்கிறோம். வேம்பு வளர எத்தனை வருஷம்? வெட்ட நாலு மணி நேரம். திரும்பக் கொண்டுவர முடியாத ஒன்றுக்கு ஒரு கையெழுத்து கேட்பது அவ்வளவு பெரிய அவமானமா உங்களுக்கு?

பட்டாக்காரன்:
அவமானம்தான். நட்டவன் நான். நடாதவன் மேசைக்கு முன்னால் நான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? இப்படிக் கெடுபிடி செய்தால் இனி எந்த விவசாயியும் தேக்கு நடமாட்டான். வரப்பில் தானாக முளைத்த கன்றைக்கூட, பெரிதானால் வம்பு என்று கிள்ளிப் போடுவான். நகரத்துக்காரருக்கு நிழல் வேண்டும், செலவு மட்டும் எங்களுடையது. இதற்கு எவரிடமும் பதில் இல்லை.

மலைக்காடு:
இதில் நியாயம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பட்டாக்காரன்:
முதலிலிருந்தே இதைத்தான் சொல்கிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

மலைக்காடு:
சரி, நியாயம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லாரிப்பட்டறை:
இருபது வருஷமாக மர லோடு ஓட்டுகிறேன். படித்தவர்கள் பேசட்டும் என்று சும்மா இருந்தேன். அண்ணே, பாஸ் எப்படித் தருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிட்டா, அடங்கல், புலப்படம், வி.ஏ.ஓ. சான்று வேண்டும். அடங்கலில் மரம் ஏறியிருக்க வேண்டும். ரேஞ்சர் ஆபீசிலிருந்து வந்து நிற்கிற மரத்தை எண்ணிவிட்டுப் போவார்கள். வெட்டிய பிறகு கட்டையில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை. முதலிலேயே வெட்டிப் போட்டுவிட்டால் அது உங்கள் நிலத்து மரமா, வேறு எங்கிருந்தோ வந்ததா என்று எதை வைத்து எழுதுவான்? ஒரு தடவை பார்ட்டி "எல்லாம் இருக்கிறது" என்ற பேச்சை நம்பி ஏற்றிவிட்டேன். சாவடியில் ராத்திரி ஒன்றரை மணிக்கு இறங்கச் சொன்னான். முத்திரை இல்லாத கட்டை ஏழு. பதினோரு நாள் வண்டி அங்கேயே நின்றது. பார்ட்டி போனை எடுக்கவில்லை. ஆகவே ஏற்றுவது வெட்டுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேலை.

பட்டாக்காரன்:
நீங்கள் லாரிக்காரர், ஏற்றுவதைப் பற்றித்தான் பேசுவீர்கள். நான் வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன்.

நிழல்தேடி:
ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் தேக்கு இன்னும் நிற்கிறதா?

பட்டாக்காரன்:
தை மாசமே வெட்டியாயிற்று. 62 மரம். கிளை கழித்து, தார்ப்பாய் போட்டு, களத்து ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். யாரும் வந்து ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை. நான் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது.

பனையோலை:
ஏன் இன்னும் களத்து ஓரத்திலேயே இருக்கிறது?

பட்டாக்காரன்:
அது ஏற்றுகிற விஷயம். வேறு.

லாரிப்பட்டறை:
அண்ணே, மழைக்கு முன்னால் எடுத்துவிடப் பாருங்கள். தார்ப்பாய்க்கு அடியில் கரையான் ஏறும்.

பட்டாக்காரன்:
தேக்கில் கரையான் ஏறாது. முதலில் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

லாரிப்பட்டறை:
உள்ளே இருக்கிற வைரத்தில் ஏறாது. அதைச் சுற்றி வெளியே இருக்கிற வெள்ளையில் ஏறும்.

பட்டாக்காரன்:
என் மரத்தில் வெள்ளை கம்மி.