எங்கள் வீட்டுத் தனித் தட்டும் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையும்

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்த அன்று மாலையே எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், வாசல் அறையில் தனிப் பாய். அம்மா அழுதுகொண்டேதான் எடுத்து வைத்தார். மாத்திரையோடு வந்த சுகாதாரப் பார்வையாளர் அம்மாவை உட்காரவைத்து, “காசநோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே விடை கண்டு அறுபது வருடம் தாண்டிவிட்டது அம்மா” என்றார்.

பிறகுதான் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் 1959இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். ஆய்வு 1956இல் தொடங்கியது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்திருக்கிறார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. நெருக்கடியான வீடுகளில் அதற்கு வழியில்லை. அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அந்தப் பகுதியைத்தான் அம்மாவுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். கிருமி காற்றில் பரவுகிறது, தட்டில் பரவுவதில்லை. முதல் சில வாரங்கள் முகக்கவசம், திறந்த ஜன்னல். மூன்றாம் மாதம் என் தட்டு மற்ற தட்டுகளோடு அடுக்கில் சேர்ந்தது.

—

இதைப் படித்த ஓய்வுபெற்ற செவிலியர், செங்கல்பட்டு:

வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆய்வில் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நானும் வீடு வீடாகப் போனவள்தான். இரண்டாம் மாதம் இருமல் நிற்கும். எனக்கு அன்றுதான் பயம் தொடங்கும். “உடம்பு தேறிவிட்டதே சிஸ்டர்” என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர் பாதியில் நிறுத்தினார். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயுடன் திரும்பி வந்தார். இன்னும் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

—

திருச்சியிலிருந்து இன்னொரு வாசகர்:

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சாப்பாடு முக்கியமில்லை என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். ஜார்க்கண்டில் மருத்துவர்களான பார்கவா தம்பதியர் நடத்தி 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். நோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. என் அண்ணன் சிகிச்சை தொடங்கியபோது 38 கிலோ. அண்ணி தினமும் முட்டையும் சுண்டலும் கொடுத்தார், தானும் சாப்பிட்டார். அண்ணனின் எடைச் சீட்டு என்னிடம் இருக்கிறது: 38, 41, 44.